மொத்தமும் தேறியதும்: ஒளியியல் வலையமைப்பில் கொள்ளளவு அலகுகளை மாற்றுதல்

மாணவர்களே, சென்ற தவணை கலஹாவில் எனது வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். "எஸ்.டி.எம்.-1 என்னும் ஒளியியல் இணைப்பின் வேகம் செக்கனுக்கு 155.52 மெகாபிற்று. அதில் ஈ-1 எனப்படும் 2.048 மெகாபிற்று வழிகள் எத்தனை அடங்கும்?" பெரும்பாலானோர் வகுத்துப் பார்த்து 75 என்று எழுதினர். வகுத்தல் சரி, விடை பிழை. சரியான விடை 63. மீதி 12 வழிகள் எங்கே போயின என்று பார்ப்போம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள். தராசு 20 கிலோ காட்டினாலும் துண்டில் 20 விழாது. சாக்கின் நிறையும் ஈரமும் கழிந்த பின்னரே எழுதுவார்கள். (அந்தக் கழிவு எவ்வளவு நியாயமானது என்பது வேறு கதை.) வணிகக் கல்வியில் மொத்த இலாபம், தேறிய இலாபம் என்று படிக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதுதான். 155.52 என்பது மொத்தம். நமக்கு வேண்டியது தேறிய சுமை.

முதலில் அலகுகள். 8 பிற்று 1 பைற்று. தரவு செலுத்தும் வேகத்தில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 இலட்சம். நினைவகக் கணக்கில் நீங்கள் பழகிய 1024 இங்கே வராது. 2048 என்ற எண்ணைக் கண்டதும் 1024 ஆல் வகுத்து "2 மெகாபிற்று" என எழுதும் கை பலருக்கு உண்டு. அந்த 2048 வந்த வழி வேறு: 32 × 64 = 2048.

64 எப்படி வந்தது? தொலைபேசியில் குரல் செக்கனுக்கு 8000 தடவை மாதிரி எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு மாதிரியும் 8 பிற்று. 8000 × 8 = 64,000 பிற்று, அதாவது 64 கிலோபிற்று. ஈ-1 வழியில் இத்தகைய 32 இடங்கள் உள்ளன. ஒன்று நேர ஒத்திசைவுக்கும் இன்னொன்று அழைப்புச் சமிக்ஞைக்கும் போக, 30 பேர் பேசலாம்.

இனி எஸ்.டி.எம்.-1. இது செக்கனுக்கு 8000 சட்டகங்களை அனுப்புகிறது. ஒரு சட்டகத்தை 9 நிரை, 270 நிரல் கொண்ட அட்டவணையாக வரையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 1 பைற்று. ஆகவே ஒரு பெட்டியின் பெறுமதி 64 கிலோபிற்று. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் பெருக்கல்தான்.

மொத்தம்: 270 × 9 × 64 = 155,520 கிலோபிற்று. இதுதான் 155.52 மெகாபிற்று.

முதல் 9 நிரல்கள் வலையமைப்பின் கட்டுப்பாட்டுத் தகவலுக்கு. மீதி 261. அதில் ஒரு நிரல் பாதைத் தகவலுக்கு. மீதி 260.

தேறிய சுமை: 260 × 9 × 64 = 149,760 கிலோபிற்று = 149.76 மெகாபிற்று.

இதை 2.048 ஆல் வகுத்தால் 73. இன்னும் 63 வரவில்லை. காரணம், ஈ-1 வெறுமையாகப் பயணிப்பதில்லை. அதன் 32 பைற்றுகளுடன் வேகத்தைச் சரிசெய்யவும் இடத்தைக் காட்டவும் 4 பைற்றுகள் சேர்ந்து 36 பெட்டிகளை, அதாவது 4 முழு நிரல்களைப் பிடிக்கின்றன. 260 ÷ 4 = 65. ஆனால் அடுக்கும் முறை 3 × 7 × 3 என்று வரையறுக்கப்பட்டுள்ளது: மூன்று வழிகள் ஒரு கட்டு, ஏழு கட்டுகள் ஒரு பெருங்கட்டு, மூன்று பெருங்கட்டுகள் ஒரு சட்டகம். பெருக்கினால் 63. எஞ்சும் 8 நிரல்கள் வெறும் நிரப்பு. இந்த 3, 7, 3 எங்கிருந்து வந்தன என்று பரீட்சைக்கு முதல் நாள் மண்டையை உடைக்க வேண்டாம். சர்வதேசத் தரத்தில் அப்படித்தான்.

இது சிறு வித்தியாசம் என்று நினைப்பவர்கள் நமது கடலடி வடத்தைப் பார்க்க வேண்டும். 2005 டிசம்பரில் நிறைவுற்ற சீ-மீ-வீ-4 வடம் பிரான்சிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறக்குறைய 18,800 கிலோமீற்றர் நீளமானது; கொழும்பிலும் கரையேறுகிறது. தொடக்கத்தில் அதன் வடிவமைப்பு 2 சோடி நார்கள், சோடிக்கு 64 அலைநீளங்கள், அலைநீளத்திற்கு 10 கிகாபிற்று. 2 × 64 × 10 = 1280 கிகாபிற்று = 1.28 டெராபிற்று. 1024 ஆல் வகுத்திருந்தால் 1.25 வந்திருக்கும். எல்லோரும் சொல்லும் எண் 1.28 தான். பின்னர் உபகரணங்களை மாற்றி இக்கொள்ளளவைப் பல மடங்கு உயர்த்தினார்கள். நமது கணக்கு தொடக்க நிலைக்கு உரியது.

இந்த 128 அலைநீளங்களும் எஸ்.டி.எம்.-64 எனக் கொள்வோம். ஒன்றில் 64 × 63 = 4032 ஈ-1 வழிகள். 128 × 4032 = 516,096. நேராக 1.28 டெராபிற்றை 2.048 மெகாபிற்றால் வகுத்தவருக்கு 625,000 வரும். இல்லாத ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வழிகளை, வழிக்கு 30 அழைப்பு வீதம் அவர் விற்றுவிட்டார்!

விடை எழுதும்போது ஒரு கவனம். ஆங்கிலச் சுருக்கத்தில் சிறிய 'பி' பிற்று, பெரிய 'பி' பைற்று. எழுத்து மாறினால் விடை எட்டு மடங்கு மாறும்.

பயிற்சி

1. எஸ்.டி.எம்.-16 இணைப்பில் எத்தனை ஈ-1 வழிகள்? எத்தனை அழைப்புகள்?

2. எஸ்.டி.எம்.-1 இன் தேறிய சுமை முழுவதையும் பயன்படுத்தி 936 மெகாபைற்று (1 மெகாபைற்று = 10 இலட்சம் பைற்று) கோப்பை அனுப்ப எத்தனை செக்கன்?

விடை: (1) 16 × 63 = 1008 வழிகள்; 30,240 அழைப்புகள். (2) 149.76 ÷ 8 = 18.72 மெகாபைற்று/செக்கன், 936 ÷ 18.72 = 50 செக்கன். இரண்டாவதில் 6 என்று விடை வந்தவர்கள் 8 ஆல் வகுக்க மறந்தவர்கள். 48 என்று வந்தவர்கள் மொத்தத்தைத் தேறியதாக எடுத்தவர்கள்.