வீடும் அழகா இருக்கணும், சம்பளமும் மிஞ்சணும்: நம்ம ஊர் பொருள் வாங்க ஒரு கணக்கு



கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன மாசம் என்கிட்ட வந்தாரு. ரெண்டு வருஷம் நாலு பேரோட ரூம்ல இருந்துட்டு, இப்பதான் தனியா சின்ன வீடு எடுத்திருக்காரு. பொங்கலுக்கு அம்மா முதல் தடவையா வந்து தங்கப் போறாங்க. "அண்ணா, வீடு பார்க்க நல்லா இருக்கணும். கார்ட்ல எல்லாம் எடுத்து வச்சிருக்கேன், நோ காஸ்ட் இஎம்ஐதான், போட்டுடலாமா?"ன்னு போனைக் காட்டினாரு. சோபா, கார்ப்பெட், விளக்கு, டின்னர் செட் எல்லாம் சேர்த்து 38,400 ரூபாய். 12 மாசம், மாசம் 3,200.

அவர் ஆசையில தப்பே இல்லை. நானும் முதல் சம்பளத்துல இதைத்தான் செஞ்சேன். வாங்கின சோபா அடுத்த வாடகை வீட்டு மாடிப்படியில ஏறலை. பாதி விலைக்கு வித்துட்டு, அதுக்கப்புறமும் அஞ்சு மாசம் இஎம்ஐ கட்டினேன். அதனால கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்னு உட்கார்ந்தோம்.

நோ காஸ்ட் இஎம்ஐக்கு உண்மையில என்ன காஸ்ட்?

வட்டியே இல்லாம எந்த வங்கியும் கடன் தராது. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்குத் தெளிவா சொல்லிடுச்சு. இப்ப நடக்கிறது என்னன்னா, வட்டி எவ்வளவோ அவ்வளவை விலையில தள்ளுபடியாக் காட்டி, அப்புறம் வட்டியா வசூலிப்பாங்க.

வட்டி 16%னு வச்சுப்போம். 38,400ல சுமார் 3,130 ரூபாய் வட்டி. தள்ளுபடி அதைச் சரிக்கட்டிடும். ஆனா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி சுமார் 564 ரூபாய், அது உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் வரி சேர்த்து 235. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 800 ரூபாய்.

"800 தானே அண்ணா?"ன்னாரு. சரிதான். 800 பிரச்சனை இல்லை. பிரச்சனை வேற இடத்துல இருக்கு.

கைக்கு வர்ற சம்பளம் 24,000. வாடகை 7,500, ஊருக்கு 6,000, சாப்பாடு மற்ற செலவு 5,500. மீதி 5,000. அதுல இஎம்ஐ 3,200 போனா 1,800. அவசரத்துக்குன்னு தனியா சேமிப்பு ஒரு ரூபாய்கூட இல்லை.

நாலாவது மாசம் கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுன்னு வைங்க. கையில சுமார் 6,400 இருக்கும். கடன் பாக்கி 8 தவணை, 25,600. கார்டு பாக்கி தள்ளிப்போனா வட்டி மாசத்துக்கே 3%க்கு மேல. சோபாவை வித்து வாடகை கட்ட முடியாது. இதுதான் உண்மையான காஸ்ட்.

அப்ப வீட்டை அழகாக்கவே கூடாதா?

தாராளமா பண்ணலாம். ஆனா வரிசையா, காசு குடுத்து, நம்ம ஊர்ல செஞ்ச பொருளா வாங்கிப் பாருங்க. சென்டிமென்ட்டுக்காக மட்டும் சொல்லலை. பெரும்பாலும் சின்னச் சின்ன பொருளா இருக்கிறதால கடன் வாங்காமலே ஒவ்வொண்ணா சேர்க்கலாம். எடுத்துட்டுப் போறதும் சுலபம்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

1. மாசத்துக்கு எவ்வளவு ஆகுது? விலையைப் பயன்படுற மாசங்களால வகுங்க. உதாரணத்துக்கு, 900 ரூபாய் சிந்தெடிக் கார்ப்பெட் ரெண்டு வருஷம் வந்தா மாசம் 37.50. 1,800 ரூபாய் பருத்தி ஜமுக்காளம் பத்து வருஷம் உழைச்சா மாசம் 15. எதோட விலைச்சீட்டு பெருசுன்னு பார்க்காதீங்க, எது நிஜமா விலை அதிகம்னு பாருங்க.

2. குட்டியானையில ஏறுமா? வாடகை வீடு, ஷிப்ட் வேலை. எப்ப வீடு மாறுவோம்னு தெரியாது. சுருட்டி, மடிச்சு, அடுக்கி எடுத்துட்டுப் போக முடியற பொருளுக்கு முதல் உரிமை.

3. தினமும் கை படுமா? தினம் படுக்கிற பாய், தினம் சாப்பிடற தட்டுக்கு நல்லா செலவு பண்ணுங்க. ஷோகேஸ் பொம்மை கடைசியில.

என்ன வாங்கலாம், எங்க வாங்கலாம்?

தரைக்கு பவானி ஜமுக்காளம். அந்தக் கலர் பட்டைகள் ஒரு வெறும் ஹாலை அப்படியே மாத்திடும். 2005-06லயே புவிசார் குறியீடு வாங்கின பொருள். ஆனா விசைத்தறியில ஓட்டினதும் அதே பேர்ல விக்குது. ஜமுக்காளம் கைத்தறிக்குன்னு 1985 சட்டத்துல ஒதுக்கப்பட்ட ரகங்கள்ல ஒண்ணு. அதனால பில்லும் கைத்தறி முத்திரையும் கேளுங்க. இந்த முத்திரை 2006லேர்ந்து இருக்கு.

படுக்க, உட்கார பத்தமடை கோரைப்பாய். திருநெல்வேலி பக்கம் நெய்யறது. பட்டு மாதிரி மெல்லிசான ரகம் விலை கூட. சாதாரண ரகமே வீட்டுக்குப் போதும். சுவத்துல மாட்டினாலும் அழகு.

சாமான் போட்டு வைக்க பனை ஓலைப் பெட்டி. இதுக்கு காரைக்குடி வரைக்கும் போய் செட்டிநாடு கொட்டான்தான் வாங்கணும்னு இல்லை. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே, பழவேற்காட்டுல பெண்கள் பனை ஓலையில பெட்டி, கூடை முடையறாங்க. பொன்னேரியிலேர்ந்து பஸ் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை ஏரியும் பார்த்த மாதிரி ஆச்சு.

பெட்ஷீட், துண்டு, திரைச்சீலைக்கு கோ-ஆப்டெக்ஸ். 1935ல ஆரம்பிச்ச நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். விளக்கு, மர, பித்தளைப் பொருளுக்கு 1973ல அரசு தொடங்கின பூம்புகார், அண்ணா சாலை. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல சென்ட்ரல் இறங்கினா, எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ், அண்ணா சாலை பூம்புகார் ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாம்.

ஆடிட்டரா நாலு விஷயம்

ஒண்ணு: தீபாவளி சீசன்ல கோ-ஆப்டெக்ஸ்ல 30% தள்ளுபடி வழக்கமா வரும். அவசரம் இல்லாத துணியை அப்ப வாங்குங்க.

ரெண்டு: அவங்க கிட்ட கனவு நனவுத் திட்டம்னு ஒரு மாதாந்திர சேமிப்பு இருக்கு. கடைசித் தவணையை அவங்களே போடற மாதிரி திட்டம். விதிமுறை அப்பப்ப மாறும், கடையில கேட்டுக்குங்க. 11 மாசம் 500 கட்டி, 12ஆவது 500ஐ அவங்க போடறாங்கன்னு வச்சா, கணக்குப்படி வருஷத்துக்கு 18% கிட்ட வருது. எந்த ஆர்டியும் இதைத் தராது. ஆனா பணமா வராது, துணியாத்தான் வரும். அதனால துணிக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்க. இதை முதலீடுன்னு நினைச்சுடாதீங்க.

மூணு: 2025 செப்டம்பர் 22லேர்ந்து கைவினைப் பொருளுக்கு ஜிஎஸ்டி 12%லேர்ந்து 5% ஆயிடுச்சு. பெட்ஷீட் மாதிரி துணிக்கு ஒரு பீஸ் 2,500 வரை 5%, தாண்டினா 18%. 2,500 ரூபாய் பெட்ஷீட் வரியோட 2,625. 2,600 ரூபாய் பெட்ஷீட் 3,068! நூறு ரூபாய் வித்தியாசம் 443 ஆகுது. பில்லைப் பார்த்து எடுங்க.

நாலு: நேரடியா செய்யறவங்க கிட்ட வாங்கும்போது, பேரம் பேசறதுக்கு முன்னாடி "இதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?"ன்னு கேளுங்க. விலையை அந்த மணி நேரத்தால வகுத்து, உங்க ஓவர்டைம் ரேட்டோட வச்சுப் பாருங்க. பெரும்பாலும் பேரம் பேச வாய் வராது.

அப்புறம், நம்ம பக்கம் கடல் காத்து, ஈரம் ஜாஸ்தி. பாயை மடிக்காம சுருட்டி வைங்க. ஓலைப் பெட்டியை அப்பப்ப வெயில் காட்டுங்க. இல்லைன்னா பூஞ்சை பிடிச்சு, பத்து வருஷக் கணக்கு ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும்.

தம்பி என்ன செஞ்சாரு?

மிச்சமாகற 5,000ஐ மூணாப் பிரிச்சோம். 3,000 அவசர நிதி, 1,500 வீட்டுப் பொருள், 500 கோ-ஆப்டெக்ஸ் சேமிப்பு. இதே கான்ட்ராக்ட் நாலாவது மாசம் முடிஞ்சாலும் கையில 12,000 இருக்கும், கடன் பூஜ்யம். முக்கியமா, கஷ்டம் வந்தா இந்த ஏற்பாட்டை அடுத்த நாளே நிறுத்தலாம். இஎம்ஐயை நிறுத்த முடியாது.

நேர்மையா சொல்லணும்னா, இந்த வழியில ஒரு வருஷத்துல வீட்டுக்கு வர்ற பொருள் 24,000 ரூபாய்க்குத்தான். 38,400க்கு இல்லை. சோபா இல்லை, டின்னர் செட் இல்லை. அந்த வித்தியாசம்தான் அவசர நிதியா மாறுது.

பொங்கலுக்கு இப்போதைக்கு ஒரு ஜமுக்காளம், ஒரு கோரைப்பாய், ரெண்டு ஓலைப் பெட்டி. அம்மாவுக்குத் தரையில உட்காரத்தான் பிடிக்கும்னு அவரே சொன்னாரு. அந்த கார்ட்டை என் எதிர்லயே காலி பண்ணிட்டுத்தான் கிளம்பினாரு.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி உங்க கார்ட்டைத் திறங்க. ஒவ்வொரு பொருளுக்கும் மேல சொன்ன மூணு கேள்வியைக் கேளுங்க. மூணுக்கும் சரியான பதில் வர்றதை மட்டும் வைங்க, மத்ததை எடுத்துடுங்க. அடுத்த பதிவுல, அவசர நிதியை எங்க போட்டு வைக்கறதுன்னு பார்ப்போம்.