பச்சைக்குப் பயந்து காதைக் கோட்டை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 23. வீடு ஸ்கூடாயில், வேலை சிங்கப்பூரில். தினமும் மோட்டாரில்தான் போய்வருகிறேன். என் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் முன்கையில் ஒரு தேளும் ஒரு கோலமும் பச்சை குத்தியிருக்கும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பெயரைத் தமிழில் என் மணிக்கட்டில் குத்திக்கொள்ள ஆசை வந்துவிட்டது. அதோடு காதுச் சோணையில் இன்னொரு துளை, காதின் மேல்பகுதியில் இரண்டு துளை. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா? பேரங்காடிக் கடையில் கன் வைத்து நொடியில் குத்திவிடுகிறார்கள், அது போதாதா? அம்மாவுக்குத் தோடு போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் அப்பா, டாட்டூ என்றதும் "ரௌடிப் பசங்க வேலை, ரத்தமும் கெட்டுப்போகும்" என்று கத்துகிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஸ்கூடாய்

பதில்: உங்கள் வீட்டில் எல்லாரும் மணிக்கட்டைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். தோல் மருத்துவனான எனக்கு அதைவிடக் கவலை தருவது காதுதான். அதிலும் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தச் சுண்டைக்காய்.

அது அநேகமாகக் கீலாய்டு. சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லையோடு நின்றுவிடும். கீலாய்டு அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், அரிக்கும், சில சமயம் வலிக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலிலும் சீனர்களின் தோலிலும் இது வெள்ளையரைவிட அதிகம். குடும்பத்தில் தொடரும். பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். நீங்கள் சரியாக அந்த வயதில் இருக்கிறீர்கள். "எனக்குத்தான் குழந்தையிலேயே காது குத்தியாச்சே, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்ட காது நன்றாக ஆறியதை இப்போதைக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பதினொரு வயதுக்குப் பிறகு காது குத்தியவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு, அதற்கு முன்பே குத்தியவர்களைவிட மிக அதிகம் என்று காட்டியது.

உங்கள் தோலின் குணத்தைப் பார்க்க ஓர் எளிய இடம் இருக்கிறது. கையை உயர்த்தி, தோளுக்குக் கீழே பிசிஜி ஊசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். மலேசியாவில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி அது. தழும்பு தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இருந்தால் நல்லது. ரப்பர் மாதிரி தடித்து, ஓரங்கள் வெளியே பரவி, மழைக்காலத்தில் அரிக்கிறது என்றால் காது மேல் துளையை மறந்துவிடுங்கள். மணிக்கட்டுக்கும் ஒரு தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தட்டையாக இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. கீலாய்டை வெட்டி எடுத்தால் மட்டும் தீராது, பல பேருக்கு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம் தரும் தோடு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அம்மாவுக்கும் அந்த வழி உண்டு. ஒருநாள் அவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஆகவே ஒரே நாளில் எல்லாம் என்பது கிடையாது. முதலில் சோணையில் ஒரே துளை. கீலாய்டு மறுநாளே வருவதில்லை, மாதங்கள் கழித்து மெல்லத்தான் எழும். அதனால் ஆறு மாதமாவது பொறுங்கள். அந்த இடம் சாதுவாக இருந்தால் மேல் துளையைப் பற்றிப் பேசலாம்.

மேல் துளை ஏன் வேறு விஷயம்? சோணை வெறும் கொழுப்பும் தோலும். ரத்த ஓட்டம் தாராளம், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்பகுதி குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் உணவு கசிந்து வர வேண்டும். கிருமி புகுந்து சீழ் கட்டினால் அந்தச் சவ்வு குருத்தெலும்பைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். உணவு அறுந்து குருத்தெலும்பு செத்துப்போகும். செத்தது திரும்ப முளைக்காது. பிறகு காது சுருங்கி மடங்கிவிடும், ஒட்டறுவை செய்துதான் ஓரளவு சீர்செய்ய முடியும். ஒன்றுமே கெடாமல் ஆறினாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

இங்கே அடிக்கடி வரும் கிருமி சூடோமோனாஸ். ஈரமான எந்த இடத்திலும் குடியிருக்கும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே நகைக் கியோஸ்கில் காதின் மேல்பகுதியைக் குத்திக்கொண்டவர்களுக்கு அடுத்தடுத்துக் காது சீழ்பிடித்தது. தேடிப் பார்த்தால், கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலுக்குள்ளேயே அந்தக் கிருமி வளர்ந்திருந்தது! சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துக் கிளினிக்கில் சட்டென்று எழுதிக்கொடுக்கும் அமோக்சிசிலின் இந்தக் கிருமியை அசைக்கவே அசைக்காது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து வேண்டும், அதுவும் சீக்கிரம்.

இப்போது கன். மொட்டை முனை கொண்ட தோட்டை ஸ்பிரிங் வேகத்தில் அடித்து உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலை. சோணை அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். தோடும் அதைப் பிடிக்கும் பகுதியும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மூடிய பாக்கெட்டில் வந்தால் பெரிய ஆட்சேபம் இல்லை. குருத்தெலும்பில் அந்த அடி விழுந்தால் நொறுங்கக்கூடும். பிளாஸ்டிக் கன்னை ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. 121 பாகை நீராவியில் உருகிவிடும். மேல் துளை என்றால் உள்ளீடற்ற ஊசி, ஒருவருக்கு ஒரே ஊசி, அதைத் தொழிலாகக் கற்றவர் கை. நகைக்கடைப் பெண் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் மேல்காதுக்கு வேண்டாம்.

தோடு விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் பரவாயில்லை. 916 தங்கத்தில் மீதிக் கலப்பு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அரிப்பைக் கிளப்பும் நிக்கல் அதிகம் இருப்பது மலிவான பேஷன் தோட்டிலும் சில வெள்ளைத் தங்கத்திலும். புதுத் துளைக்கு உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம் சிறந்தது. கொஞ்சம் நீளமான தண்டாகக் கேளுங்கள், வீக்கத்துக்கு இடம் வேண்டும். இறுக்கமான தோடு வீங்கிய காதுக்குள் புதைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை வெளியே எடுப்பது குத்தியதைவிட வலி.

நீங்கள் மோட்டாரில் போகிறவர் என்பது இங்கே முக்கியம். அதிகாலை வெயில் ஏறுமுன்னே சிங்கப்பூர் போகும் தாம்பாக் பாலத்தில் வரிசையில் நிற்கும்போது ஹெல்மெட்டுக்குள் வேர்வை ஊறும். கழற்றி மாட்டும்போதெல்லாம் பஞ்சு அந்தத் துளையை இழுக்கும், தினமும் நான்கு தடவையாவது. ஆறுகிற மேல் துளைக்கு இதைவிடக் கெட்ட எதிரி கிடையாது. பஸ்ஸில் போகும் காலம் வரும்வரை, அல்லது ஒரு நீண்ட விடுப்பு கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குத்தினால் படுக்க மறுபக்கமாவது மிச்சம் இருக்கும்.

பராமரிப்பு சுருக்கம்தான். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர் 0.9 சதவீதம், ஒரு நாளைக்கு இருவேளை, கை கழுவிவிட்டு. தோட்டைச் சுற்றிச் சுழற்றாதீர்கள். டெட்டால், ஸ்பிரிட், மஞ்சள், தேங்காய் எண்ணெய், பாட்டிமார் செருகும் வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம். தேசாரு கடலும் கோத்தா திங்கி அருவியும் காயம் ஆறும்வரை காத்திருக்கட்டும். டாட்டூவுக்கும் இதே விதி.

இனி டாட்டூ. எட்கர் தர்ஸ்டன் 1906-இல் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் குறத்திகள் மை செய்யும் விதத்தைப் பதிவு செய்திருக்கிறார்: மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரி செய்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியை எடுப்பார்கள். உங்கள் ஆயாவின் தேளும் ஏறக்குறைய அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய கறுப்பு மையும் பெரும்பாலும் கரியே. அதனால் கறுப்பையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வாமையில் முதலிடம் சிவப்புக்கு. நம் தோலில் மஞ்சளும் இளநீலமும் சீக்கிரம் மங்கும். பின்னால் லேசரில் அழிக்க நினைத்தாலும் கறுப்புதான் எளிது; பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும், கறுத்த தோலில் வெள்ளைத் திட்டும் விழலாம்.

மை எப்படித் தங்குகிறது என்று தெரிந்தால் எழுத்தின் அளவை நீங்களே தீர்மானித்துவிடுவீர்கள். ஊசி இரண்டாம் அடுக்குத் தோலில் மையை வைக்கும். அங்குள்ள துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். 2018-இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: அந்தச் செல் சாகும்போது மை வெளியே விழும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை மீண்டும் விழுங்கும். இந்தக் கைமாற்றம் ஆயுள் முழுக்க நடப்பதால் டாட்டூ நிலைக்கிறது. அதே காரணத்தால் வருடங்கள் போகப்போகக் கோடு சற்றுத் தடிக்கவும் செய்கிறது. தமிழ் எழுத்தில் இது ஆபத்து. ண, ணை, ழ போன்ற வளைவும் சுழியும் நிறைந்த எழுத்துகளைக் கடுகு அளவில் குத்தினால் பத்து வருடத்தில் சுழி அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். பெயர் நீளமாக இருந்தால் மணிக்கட்டை விட்டு முன்கைக்குப் போங்கள், ஆயாவுக்கும் அங்கேதானே இருந்தது.

இன்னொரு பிழை நான் அடிக்கடி பார்ப்பது. தமிழ் தெரியாத டாட்டூக்காரர் பெயரை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவார். சில மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. 'செல்லம்மா'வில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கும். அவருக்கு அது அழகான கோடாகத்தான் தெரியும். பெயரை நீங்களே கையால் எழுதிப் படமாகக் கொடுங்கள். தோலில் ஒட்டும் ஸ்டென்சிலை, ஊசி வைக்குமுன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் ரத்தப் பயம் முழுக்கத் தப்பில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் வரும். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள், உங்களுக்கும் போட்டிருப்பார்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஊசிப் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி மிச்சத்தைக் கொட்டுகிறார்களா பாருங்கள். சாம்பல் நிறம் வேண்டுமானால் மையை எதில் கலக்கிறார்கள் என்று கேளுங்கள். 2011-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கிருமி நீக்காத நீர் கலந்த சாம்பல் மையால் பலருக்குத் தோலில் பிடிவாதமான தொற்று வந்தது. இதையெல்லாம் கேட்டதும் கோபிக்கிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள். சர்க்கரை நோய், இதய வால்வுக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் எதுவும் இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம். ரத்ததானம் செய்பவராக இருந்தால் டாட்டூவும் துளையும் போட்ட தேதியை மறைக்காமல் சொல்லுங்கள், சில காலம் தள்ளி வரச் சொல்வார்கள்.

முதலில் தற்காலிகமாகப் பார்க்கலாமே என்று தீபாவளிச் சந்தையில் 'கறுப்பு மருதாணி' வைத்துக்கொள்ளாதீர்கள். நிஜ மருதாணி செம்பழுப்பு. கறுப்புக்காகச் சேர்க்கும் தலைச்சாயப் பொருளால் கொப்புளம் வந்து, பிறகு ஆயுளுக்கும் தலைச்சாயம் ஆகாது என்ற நிலை வந்தவர்கள் உண்டு.

"ரௌடிப் பசங்க வேலை" என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் பலவற்றுக்கு 04, 08, 36 என்று எண்களே பெயர். நம் பையன்கள் பலர் அந்த எண்களைத் தோளில் சுமந்து சீரழிந்ததை உங்கள் அப்பாவின் தலைமுறை பார்த்திருக்கிறது. ஆயாவின் பிறந்த தேதி எட்டாகவே இருந்தாலும் எண்ணாக மட்டும் குத்தாதீர்கள். போலீஸ், ராணுவம் போகும் எண்ணம் இருந்தால் அவர்களின் நிபந்தனையை முதலில் படியுங்கள். மற்றபடி, ஜாலான் உங்கு புவான் ராஜமாரியம்மன் கோயில் பக்கம் வரும் வயதான அம்மாக்களின் கைகளை அப்பாவையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் அம்மா கையிலும் இருந்ததுதானே? அலகு அன்றே வெளியே வந்துவிடுகிறது, மை உள்ளேயே இருந்துவிடுகிறது என்று அவர் வாதாடினால், அந்த வாதம் மட்டும் சரி.

கடைசியாக ஒன்று. எப்போதாவது மேல் துளை போட்டு, காதின் மேல்பகுதி சிவந்து, தொட்டால் துடித்து, சோணை மட்டும் வழக்கம்போல இருந்தால், அது குருத்தெலும்பில் இறங்கிய தொற்றின் அடையாளம். அன்றைக்கே சுல்தானா அமினா அல்லது சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எந்தத் தேதியில், எதைக் கொண்டு குத்தியது என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள்.