நார்த்தாமலைக்குக் கேள்வித்தாளோடு வரும் பிள்ளைகளுக்கு

பெண்களின் உடல்நலத்தை ஆராய இந்தப் பக்கம் வருகிறீர்கள், நல்லது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் சீமை இது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கர்ப்பிணிகளுக்கான அரசு மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான். பெண்களின் உடல்நல வேலையிலேயே தலை நரைத்தவள் நான். சொல்ல இருப்பது ஒன்றுதான்: பெண்ணின் பிழைப்புக்கு ஒத்துவராத பரிசோதனையும், அடுத்து என்ன என்று வழி காட்டாத பரிசோதனையும் வீண். அதைப் பிரித்துச் சொல்கிறேன்.

1. பூட்டிய வீட்டை விட்டுவிடாதீர்கள்.
காலையில் நூறு நாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போய்விடுவார்கள். பத்து மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு ‘ஆள் இல்லை’ என்று குறித்தால், உங்கள் கணக்கில் வீட்டோடு இருப்பவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். உடம்பைப் பார்க்க நேரமே இல்லாதவள்தான் விட்டுப்போவாள். பொழுது சாய்ந்த பிறகு மறுபடி போங்கள். பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதலும் தேரும் நடக்கும் நாட்களில் முகாம் வைக்காதீர்கள்.

2. சம்மதம் அவளுடையது.
வீட்டுக்காரர் தலையாட்டினால் போதாது, ஊர்த்தலைவர் சொன்னாலும் போதாது. அப்போதைய ஆந்திராவின் கம்மம் பகுதியில் பள்ளிப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட படிவங்கள் இருந்தன. பெரிய சர்ச்சையாகி, 2010-இல் அந்த ஆய்வே நின்றது. கைநாட்டு வைப்பவருக்குப் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். சாட்சி உங்கள் குழுவைச் சேராதவராக இருக்கட்டும். ‘வேண்டாம்’ என்றால் விட்டுவிடுங்கள். காரணம் கேட்டுக் குடையாதீர்கள்.

3. தனியாகக் கேளுங்கள், பொருளைப் பார்த்துக் கேளுங்கள்.
மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ‘வெள்ளைப்படுதா?’ என்றால், ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ என்றுதான் வரும். ‘சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா?’ என்றாலும் ‘ஆமா’தான். ‘அந்த அட்டையை எடுத்துட்டு வாங்களேன், பாப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி மாத்திரை அப்படியே இருக்கும். குமட்டுது, வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது என்று அப்போதுதான் வாய் திறப்பாள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால், பயமில்லை என்றும், டீ, காப்பியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்றும் அங்கேயே சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. எண்ணைக் குறித்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.

4. கர்ப்பிணியைப் பட்டினி போடாதீர்கள்.
சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு மறுபடி வா என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். சென்னை மருத்துவர் சேஷையா வலியுறுத்திய முறை இதற்குத் தீர்வானது. சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் செய்யுங்கள். அந்த 2 மணி நேரம் உட்கார நிழலும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்வதும் ஆய்வில் சேர்ந்ததுதான்.

5. திண்டுக்கல்லைப் படியுங்கள்.
அங்கே கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். திட்டு இருந்து, சிகிச்சைக்கு ஏற்றதாகவும் இருந்தால், பல பெண்களுக்கு அன்றைக்கே உறைய வைக்கும் சிகிச்சையும் நடந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அதே சமயம், ஒப்பீட்டுக்கு வைத்த ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை கிடைக்காதது நியாயமா என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. இரண்டையும் படியுங்கள்.

6. சினைப்பைப் புற்றுநோயில் அவசர முடிவு வேண்டாம்.
பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, சிஏ-125 ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் உயிரைக் காக்க முடியுமா என்று பார்த்தார்கள். சிலருக்கு நோய் முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. அதனால் தொந்தரவு இல்லாத எல்லோருக்கும் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுக்காதீர்கள். தொந்தரவு சொல்பவளை மட்டும் தவறவிடாதீர்கள். வயிறு உப்புசம், ரெண்டு வாயிலேயே நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், ‘கேஸ்தான்’ என்று விடக்கூடாது. ஐம்பதைத் தாண்டியவளிடம் இன்னும் கவனம் வேண்டும். தாய்வழியில் மட்டுமல்ல, தகப்பன்வழியிலும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் உண்டா என்று கேளுங்கள். வயிற்றுக் காசநோயிலும் நீர் கோத்து, சிஏ-125 ஏறும். திசுவைப் பரிசோதிக்காமல் புற்றுநோய் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

7. முடிவோடு திரும்பிப் போங்கள்.
ரத்தம் எடுக்க வந்தவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டால், அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது. முடிவைத் தமிழில் எழுதி, அவள் கையிலேயே கொடுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எந்த பஸ், கூட யார் போவது என்பதையும் அதே தாளில் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து, போனாளா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த ஆய்வுக்கான கேள்வி அதுதான்.