மத்திக் கூட்டத்துக்குத் தலைவர் உண்டா?

அன்புள்ள நிலா,

ஆயிரக்கணக்கான மீன்கள் கடலுக்குள் ஒன்றாகத் திரும்புவதைப் படத்தில் பார்த்துவிட்டு, "இதுக்குத் தலைவர் யார் மாமா?" என்று கேட்டிருந்தாய். சந்தையில் நீ அடிக்கடி பார்க்கும் மத்தியை வைத்தே பதில் சொல்கிறேன். குமரிக் கரையில் இதைச் சாளை என்பார்கள்.

மத்திக் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது. கூட்டம் முழுவதையும் எந்த மீனும் பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள சில மீன்களைத்தான் பார்க்கிறது. அவற்றோடு முட்டிக்கொள்ளாமல், அவை போகும் திசையிலேயே, அவற்றைவிட்டு விலகாமல் நீந்துகிறது. 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி வல்லுநர் இந்த மூன்று விதிகளை மட்டும் நிரலாக எழுதினார். திரையில் நகர்ந்த உருவங்கள், யாரும் வழிநடத்தாமலே பறவைக் கூட்டம்போல வளைந்து திரும்பின.

பக்கத்து மீன் திரும்பியது மத்திக்கு எப்படித் தெரிகிறது? முதலில், தலையின் இருபுறமும் உள்ள கண்களால். பல மீன்களுக்கு நீரின் அசைவை உணரும் கோடு ஒன்று உடலின் பக்கவாட்டில் ஓடும். மத்தியின் குடும்பத்துக்கு அந்தக் கோடு உடலில் இல்லை. அதற்கான நுண்குழாய்கள் தலையில்தான் உள்ளன. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை காதுவரை நீள்வதால், ஒலியையும் நீரழுத்த மாற்றத்தையும் மத்தி நன்றாக உணரும்.

கூட்டமாக இருப்பதால் என்ன பயன்? சூரையோ வஞ்சிரமோ பாய்ந்து வரும்போது, ஒரே மாதிரி மின்னும் பல உடல்களில் எதைக் குறிவைப்பது என்று அதற்குக் குழம்பிவிடும். ஒரு மீன் பிடிபடும் வாய்ப்பும் குறையும்.

இனி மத்தியின் சாப்பாடு. வீட்டில் மத்தி வாங்கும்போது, கழுவுவதற்கு முன் செவுள் மூடியைத் தூக்கிப் பார். உள்ளே சீப்புப் பற்கள்போல மெல்லிய இழைகள் நெருக்கமாக இருக்கும். மத்தி வாயைத் திறந்தபடி நீந்தும்போது தண்ணீர் செவுள் வழியே வெளியேற, நுண்பாசிகளும் மிகச் சிறிய உயிரிகளும் இந்த இழைகளில் தங்கிவிடும்.

அந்த நுண்பாசியைப் பெருக வைப்பது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரள, கர்நாடகக் கரையோரத்தில் மேற்பரப்பு நீரை அது கரையைவிட்டுத் தள்ளுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. சத்தும் வெயிலும் சேரும் இடத்தில் நுண்பாசி செழிக்கிறது. மத்தி முட்டையிடுவதும் பெரும்பாலும் இந்த மழைக்காலத்தில்தான். மிதக்கும் முட்டைகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். ஓராண்டுக்குள் மீன் பருவத்துக்கு வந்துவிடும். அதன் ஆயுளே சுமார் இரண்டரை ஆண்டுதான். மழைக்குப் பிறகு மத்தியில் கொழுப்பு ஏறும். அந்த எண்ணெயை முன்பு விளக்கெரிக்கவும் படகுப் பலகைகளுக்குப் பூசவும் பயன்படுத்தினார்கள்.

ஆயுள் குறைவு என்பதால், ஓராண்டு குஞ்சுகள் பிழைக்காவிட்டால் அடுத்த ஆண்டே கடல் வெறிச்சோடிவிடும். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் கிடைத்தது சுமார் 3,300 டன் மட்டுமே. கடல் வெப்பமும் மழையும் மாறியது ஒரு காரணம், வளராத மீன்களையும் வாரிப் பிடித்தது இன்னொன்று. சூரையிடமிருந்து மத்தியைக் காப்பாற்றும் அதே கூட்ட வாழ்க்கை, பெரிய சுருக்குவலைக்கு முன்னால் எதிராகிவிடுகிறது. ஒரே வளைப்பில் கூட்டமே சிக்கிவிடும்.

அதற்காக நாம் மத்தி சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஏழை வீட்டிலும் சத்துள்ள சாப்பாட்டைத் தட்டில் வைக்கும் மீன் அது. நாம் செய்ய வேண்டியது அதன் வயதுக்கு மதிப்புக் கொடுப்பது. 10 சென்டிமீட்டருக்குச் சிறிய மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் தடை இருக்கிறது. அடுத்த முறை அம்மாவோடு சந்தைக்குப் போகும்போது உன் அளவுகோலை எடுத்துப்போ. 10 சென்டிமீட்டரைவிடச் சிறிய மத்தி கூடையில் இருந்தால், அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீன் என்று அம்மாவிடம் சொல். பெரியதாகப் பார்த்து வாங்கச் சொல். குஞ்சு மீன் விற்காது என்று தெரிந்தால்தான் அதற்கு வலை வீசுவது குறையும்.

செவுளில் பார்த்ததைப் படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
மாமா