கம்ப்யூட்டர் "முடியாது" என்று சொன்னால்...



நம் கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் புதிய கணக்கு மென்பொருளை ஏற்ற உட்கார்ந்தோம். பாதி ஓடியது, நின்றுவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அதே பெட்டி. "நீதான் எதையோ அழுத்திட்டே" என்று எல்லோரும் சொல்ல, கணக்கு எழுதும் தங்கச்சி கண் கலங்கிவிட்டார்.

அதற்குள் ஒருவர் செல்போனில் தேடி ஓர் உதவி எண்ணைப் பிடித்தார். மறுமுனையில் பேசியவர், "நான் சொல்ற ஆப்பை ஏத்துங்க, இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கறேன்" என்றார். யார், எவர் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தங்கச்சி உடனே போனை வைத்துவிட்டார். நல்லவேளை! அந்த ஆப்பை ஏற்றியிருந்தால் நம் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முகம் தெரியாத ஆள் கையில் போயிருக்கும்.

பிறகு அந்தப் பெட்டியை நிதானமாகப் படித்தோம். "ஆக்சஸ் டினைட்" என்று இருந்தது. "உனக்கு அனுமதி இல்லை" என்று அர்த்தம். கம்ப்யூட்டர் கெடவில்லை, யாரும் தப்பாக அழுத்தவும் இல்லை. மென்பொருளை ஏற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். அது வேலையை விட்டுப் போன பழைய பணியாளரிடமே இருந்துவிட்டது. அவரிடம் கேட்டு வாங்கிப் போட்டதும் வேலை முடிந்தது.

இதுபோல் நடந்தால் வரிசையாக இப்படிப் பாருங்கள்:

1. முதலில் பழைய கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

2. வரும் செய்தியை மூடாதீர்கள். செல்போனில் படம் எடுங்கள். அதில் எண் இருந்தால் நோட்டில் எழுதுங்கள். உதவி செய்ய வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

3. கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள்.

4. இடம் இருக்கிறதா? "திஸ் பிசி"யைத் திறந்து சி டிரைவைப் பாருங்கள். பட்டை சிவப்பாக இருந்தால் இடம் தீரப்போகிறது. விழாப் படங்கள், வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

5. தேதி சரியா? உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போதும் சில மென்பொருள்கள் ஏறாது.

6. கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிறதா? 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஏறாது. "திஸ் பிசி"யில் வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போனால் "சிஸ்டம் டைப்" என்ற இடத்தில் தெரியும்.

7. கோப்பு முழுசாக இறங்கியதா? நடுவில் கரண்டோ நெட்டோ போயிருந்தால் மறுபடி இறக்குங்கள்.

8. அனுமதி இருக்கிறதா? கோப்பில் வலது கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் உடனே செய்யாதீர்கள். மென்பொருள் கொடுத்தவர்களின் ரசீதில் உள்ள எண்ணில் மட்டும் கேளுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நம் கம்ப்யூட்டர் எந்தப் பதிப்பு என்று பார்த்து வையுங்கள்.

பணப்பெட்டிச் சாவி ஒருவர் கையோடு போக விடுவோமா? கடவுச்சொல்லும் சாவிதான். அதை உறையில் போட்டு ஒட்டி, தலைவியும் பொருளாளரும் கையெழுத்திட்டு, தீர்மானப் புத்தகத்தோடு பூட்டி வைக்க வேண்டும். பணியாளர் மாறினால் அன்றே கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:
* நம் அலுவலகக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?
* கணக்கை நகல் எடுத்து எத்தனை நாளாகிறது?
* தவறு நடந்தால் முதலில் யார் மேல் பழி போடுகிறோம்?

கடைசிக் கேள்விக்கு நாங்களும் தலைகுனிந்துதான் பதில் சொன்னோம்.