லண்டனில் ஆர்கெஸ்ட்ரா கேட்கப் போகிறீர்களா?

மகன், மகள் வீட்டுக்கு லண்டன் போகிறவர்கள் ஒரு மாலையை மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு ஒதுக்கலாம். பெரிய செலவும் ஆகாது, இசை ஞானமும் தேவையில்லை. இந்தக் குறிப்புகள் போதும்.

1. ஜூலை முதல் செப்டம்பர் வரை ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'ப்ராம்ஸ்' இசைவிழா நடக்கும். எல்லோரும் கேட்கட்டும் என்று 1895-ல் குறைந்த கட்டணத்தில் தொடங்கிய விழா இது. நின்று கேட்கும் டிக்கெட் 2024-ல் 8 பவுண்டுதான். கச்சேரி நாளன்றே இணையத்தில் வாங்கலாம். காலைக் கடிக்காத ஷூ அணிந்து செல்லுங்கள்.

2. மற்ற மாதங்களில் பார்பிகன், ராயல் ஃபெஸ்டிவல் ஹால் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். நாலைந்து பேர் மட்டும் வாசிக்கும் கச்சேரிக்கு விக்மோர் ஹால் அருமையான இடம். சுமார் 550 இருக்கைகள்தான்.

3. ஃபெஸ்டிவல் ஹாலில், பாடகர் குழு இல்லாத நாட்களில் மேடைக்குப் பின்புற இருக்கைகளை விற்பார்கள். இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். ஆனால் முரசும் ஊதுகருவிகளும் சற்று ஓங்கிக் கேட்கும்.

4. அன்று வாசிக்கப்போவதை முன்பே வீட்டில் இரண்டு முறை கேட்டுவிடுங்கள். பழகிய மெட்டு வரும்போது மனம் தானாக ஒன்றிவிடும்.

5. அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். தாமதமாக வந்தால் தகுந்த இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஓபோ என்னும் ஊதுகருவி கொடுக்கும் ஸ்வரத்துக்கு எல்லோரும் சுருதி சேர்ப்பதையும் கேட்க முடியாது.

6. நடுவில் தாளம் போடுவதோ 'பலே' சொல்வதோ அங்கே வழக்கமில்லை. சிம்பொனியில் பெரும்பாலும் 4 பகுதிகள் இருக்கும். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் சிம்பொனியும் அப்படித்தான். பகுதிகளுக்கு நடுவே அமைதி காத்து, எல்லாம் முடிந்து கண்டக்டர் நம் பக்கம் திரும்பியதும் கைதட்டுங்கள்.

7. இருமல் மிட்டாயின் காகிதத்தை முன்பே பிரித்து வையுங்கள். அந்தச் சரசரப்பு நாலு வரிசைக்குக் கேட்கும். செல்போனை அணைத்துவிடுங்கள்.

8. கோட்டு சூட்டு கட்டாயமில்லை. புடவை, ஜீன்ஸ் எதுவும் சரி.

9. இடைவேளை பெரும்பாலும் 20 நிமிடம்தான். கழிப்பறை வரிசை நீளம், உடனே எழுந்துவிடுங்கள்.

இந்த அரங்குகளில் சிம்பொனிக்குப் பொதுவாக மைக் வைப்பதில்லை. எண்பது, தொண்ணூறு பேரின் வாசிப்பு நேராக நம் காதுக்கு வரும். எந்த ஒலிப்பதிவும் அதற்கு ஈடாகாது. வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்!