தாத்தா காலத்துப் பெட்டகம்: சொத்தா, பாதுகாப்பா?

கீழ்வேளூர் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள்ல, பத்தாயத்துக்கு அடுத்து நம்ம கண்ணை இழுக்கிறது மரப்பெட்டகம்தான். பூவேலை செதுக்கின மூடி, பித்தளைப் பட்டை, கனமான பூட்டு. நகை, பட்டுப்புடவை, நிலப்பத்திரம், ரொக்கம் எல்லாம் அதுக்குள்ள இருக்கும்.

வீட்டுல பாகம் பிரிக்கும்போது ரெண்டு கேள்வி வரும். இதை வித்துடலாமா? இல்ல, நகையை இதுலேயே வச்சுக்கலாமா? சம்பாதிக்கிற பிள்ளைன்னு உங்ககிட்டதான் கேட்பாங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வைங்க: பெட்டகத்தோட விலை வேற, அது தர்ற பாதுகாப்பு வேற.

1. பெட்டகம் பாதுகாப்பானதா?

அந்தக் காலத்துல நகையைக் காத்தது பூட்டு மட்டும் இல்ல, வீடு நிறைய இருந்த ஆட்களும்தான். இப்ப நீங்க சென்னையில, அப்பா அம்மா மட்டும் ஊர்ல. திருடனுக்கு ஒரு கடப்பாரை போதும்.

அடுத்து தண்ணி. 2004 சுனாமி, 2018 கஜா புயல் ரெண்டையும் நாகை மாவட்டம் மறக்காது.

ரொக்கத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. எவ்வளவு நல்ல பூட்டா இருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. கரையான் அரிச்ச நோட்டுக்கும் கணக்கு இருக்கு: 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல, 80 சதவீதத்துக்கு மேல ஒரே துண்டா மிஞ்சினா முழு மதிப்பு கிடைக்கும். 40 முதல் 80 சதவீதம் வரை பாதி. அதுக்கும் கீழ போனா ஒண்ணும் கிடைக்காது.

2. அப்போ லாக்கர்?

பெட்டகத்தை விட நல்லது. ஆனா முழுப் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இதுக்கெல்லாம் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய்னா உச்சவரம்பு 2 லட்சம். இன்னைய விலைக்கு 5 பவுனே அதைத் தாண்டிடும். வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கி அலட்சியமா இல்லாத வரைக்கும், அந்தப் பொறுப்பும் கிடையாது.

அதனால நகைக்குத் தனியா இன்சூரன்ஸ் பாருங்க. 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியில நகைக்குக் கூடுதல் கவர் கேட்டு வாங்கணும். அந்த பாலிசியில திருட்டு கவர் ஆகிறது, தீ, வெள்ளம் மாதிரி சம்பவம் நடந்து 7 நாளுக்குள்ள அதனால நடந்தா மட்டும்தான். பூட்டை உடைச்சுத் திருடுறதுக்குத் தனி கவர் வேணும். லாக்கர்ல இருக்கிற நகையும் சேருமான்னு எழுத்துல கேளுங்க.

3. பெட்டகத்தை விக்கலாமா?

அவசரப்படாதீங்க. தெருவுல வர்ற பழைய சாமான் வியாபாரி மர விலைதான் சொல்வார். செதுக்கு வேலை, மரத்தோட வகை, பழைய பூட்டு சாவி இதுக்கெல்லாம் தனி மதிப்பு உண்டு. போட்டோ எடுத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி பழம்பொருள் கடைகள் இருக்கிற இடத்துல ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. பாலீஷ் போட்டுப் புதுசாக்காதீங்க, பழமைக்குத்தான் விலை.

இதையே முதலீடா வாங்க நினைச்சா வேற கதை. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில இருந்த துறைமுகம். அதனால "இது டச்சுப் பெட்டி"ன்னு யாராவது சொன்னா நம்பத் தோணும். ஆதாரம் கேளுங்க. பெட்டகம் வட்டியும் தராது, வாடகையும் தராது. அவசரத்துக்கு ஒரே நாள்ல விக்கவும் முடியாது. இ.எம்.ஐ. போட்டு வாங்கவே வாங்காதீங்க.

சட்டமும் தெரிஞ்சுக்கணும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது:

• பெட்டகத்துல இருக்கிற ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடையோட எழுதி வைங்க.
• பத்திரங்களை ஸ்கேன் பண்ணுங்க.
• கைச்செலவுக்குப் போக மீதி ரொக்கத்தை வங்கியில போடுங்க. ஒரு வங்கியில ஒருத்தருக்கு வட்டியோட சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு.
• லாக்கருக்கு நாமினி போடுங்க.

காலியான பெட்டகத்தை ஹால்ல வைங்க. போர்வை தலகாணி வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது!